கேள்வி கேட்டு மருந்து தரும் கடை: நாள்பட்ட தலையிடியுடன் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்களுக்காக ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையைச் சுற்றியுள்ள வீதிகளில் மருந்தகங்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். பல ஆண்டுகளாக மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலையிடியோடு வாழ்ந்து, அந்த நோயுடனேயே பிள்ளைக்குத் திட்டமிட்டு, கருவுற்று, மகளைப் பெற்றெடுத்த காலம் முழுவதும் எனக்கு வேண்டிய மருந்துகளைப் பெரும்பாலும் அங்கேதான் வாங்கினேன். கடைக்குப் பொறுப்பான மருந்தாளர் தம்மைப் பற்றி எழுதப்படுவதை விரும்பாதவர் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஆயினும் அங்கே கிடைக்கும் சேவை எத்தகையது என்று தெரிந்துகொண்டால், எந்த ஊர் மருந்தகத்திலும் அதே கேள்விகளை நாமே எழுப்பிப் பெறக்கூடியதாக இருக்கும்.

நாள்பட்ட தலையிடி உள்ள பெண்ணுக்கு மருந்தகம் என்பது மாதந்தோறும், சில மாதங்களில் கிழமைதோறும், போக வேண்டிய இடம். நரம்பியல் நிபுணரை மாதக்கணக்கான இடைவெளியில்தான் பார்க்கிறோம்; சனல் பண்ணிப் பார்த்தாலும் அவர் முன்னால் இருக்கும் நேரம் சில நிமிடங்களே. மகப்பேற்று கிளினிக்கில் தலையிடியைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைப்பதோ கரு தங்கிய பிறகு. இவ்விரண்டுக்கும் நடுவே, கரு தங்குவதற்கு முந்திய மாதங்களில், நாம் எந்தக் குளிசையை விழுங்குகிறோம் என்பதை நேரில் காண்பவர் பெரும்பாலும் மருந்தை எடுத்துத் தருபவர் ஒருவர்தான். அந்த இடத்தில் நிற்பவர் கேட்க வேண்டியதைக் கேட்கிறாரா என்பதை வைத்தே இந்தக் கடையை மதிப்பிடுகிறேன்.

இங்கே மருந்துத் துண்டைக் கொடுத்தவுடன் குளிசை கைக்கு வராது. அக்கா (அந்த மருந்தாளரை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறோம்) துண்டை முதலில் நின்று வாசிப்பார். எழுத்து விளங்காவிட்டால் ஊகிக்காமல் எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். பிறகு, வாங்க வந்தவர் பிள்ளை பெறும் வயதுப் பெண்ணாக இருந்தால், மேசைக்கு மேலாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார். என்னிடம் கேட்டது இது: “தங்கச்சி, கலியாணம் முடிச்சிட்டீங்களோ? பிள்ளைக்கு யோசிக்கிறீங்களோ?” நான் பதில் சொல்லத் தயங்கியதைக் கண்டு, “கோவிக்காதேங்கோ, இந்தக் குளிசைக்காகத்தான் கேக்கிறன்” என்றார்.

அந்தக் குளிசை டோபிராமேட். வலிப்பு நோய்க்கும், அடிக்கடி வரும் மைக்ரேனைத் தடுப்பதற்கும் பயன்படும் மருந்து அது. எனக்கு அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கருப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இதை உட்கொண்டால் பிள்ளைக்கு உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஏற்படும் வாய்ப்பு அதிகரிக்கிறது. பிள்ளை எடை குறைந்து பிறக்கவும் கூடும். வயிற்றில் இருந்தபோது இம்மருந்துக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் கூடுதலாகக் காணப்படலாம் என்ற கவலையும் எழுந்ததால், ஐரோப்பிய மருந்து முகமை 2023இலும், பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024 ஜூனிலும், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இதை எழுதுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன. இதே மருந்து சில கருத்தடைக் குளிசைகளின் வலுவைக் குறைக்கக்கூடியது என்பதையும் அக்காதான் முதலில் சொன்னார். இன்னும் பிள்ளை வேண்டாம் என்று கருத்தடைக் குளிசையை நம்பியிருக்கும் பெண், தான் அறியாமலே கருவுற்று, அந்தக் கரு உருவாகும் கிழமைகளில் டோபிராமேட்டையும் தொடர்ந்து விழுங்கிக்கொண்டிருக்கும் நிலை இதனால் ஏற்படலாம்.

மைக்ரேனுக்கு எழுதப்படும் இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட் இதனினும் கடுமையானது. கருப்ப காலத்தில் அதை உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு முள்ளந்தண்டுப் பிளவு போன்ற பிறவிக் குறைபாடுகளும், 10 பேரில் 3 முதல் 4 பேருக்குக் கற்றல், பேச்சு, நடத்தை ஆகியவற்றில் வளர்ச்சிப் பின்னடைவும் காணப்பட்டுள்ளன. தலையிடிக்காக மட்டும் அதைக் கருப்பவதி உட்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை. இரத்த அழுத்தக் குளிசையாகவும் மைக்ரேன் தடுப்பு மருந்தாகவும் பயன்படும் கண்டசார்டன், பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. தெற்காசியாவில் தாராளமாக எழுதப்படும் ஃப்ளூனரிசினையும் கருப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

கரு தங்கியதை உறுதிசெய்த பிறகு மருந்தை மாற்றிக்கொள்ளலாமே என்று பலர் எண்ணுகிறார்கள். கருவின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போனதைக் கவனித்து, சிறுநீரைச் சோதித்து, வீட்டாரிடம் சொல்லி, கிளினிக்குக்குப் போகும் நேரத்தில் அந்தக் கட்டம் கடந்திருக்கும். மருந்து மேசையில் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுப்பது இதனால்தான்.

கேள்விக்குப் பிறகு அக்கா செய்ததும் அதே அளவு முக்கியமானது. குளிசையை நிறுத்தும்படி அவர் சொல்லவில்லை. “நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ, எழுதின டொக்டரிட்டப் போய், பிள்ளைக்கு யோசிக்கிறம் எண்டு சொல்லி மாத்திக் கேளுங்கோ” என்றார். நான் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயர், அளவு, தொடங்கிய மாதம் ஆகியவற்றை ஒரு கடதாசியில் எழுதி, கடையின் முத்திரையிட்டுத் தந்தார். நரம்பியல் நிபுணர் அந்தக் கடதாசியைப் பார்த்துவிட்டு, டோபிராமேட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தி, குறைந்த அளவில் அமிட்ரிப்டிலினைத் தொடக்கினார். தடுப்பு மருந்து இன்றியமையாத கருப்பவதிகளுக்கு அமிட்ரிப்டிலினும் ப்ரோப்ரனலோலும்தான் வழமையாகக் கருத்தில் கொள்ளப்படுகின்றன. ப்ரோப்ரனலோல் உட்கொள்பவர்களின் பிள்ளை வளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். பிறந்தவுடன் பிள்ளையின் இதயத் துடிப்பையும் சீனி அளவையும் பார்க்க வேண்டும். ஆகவே அது மகப்பேற்று நிபுணருக்குத் தெரிந்தே நடக்க வேண்டிய சிகிச்சை.

ஃபோலிக் அமிலத்தை அக்கா விற்கவில்லை. அதை எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது மிட்வைஃபிடம், பெறும்படி அனுப்பினார். புதிதாக மணமுடித்த தம்பதியரைப் பதிவுசெய்து, கரு தங்குவதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் கொடுப்பது மிட்வைஃபின் கடமைகளில் ஒன்று என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. அவர் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க மட்டுமே வருவார் என்று நினைத்திருக்கிறோம். பொதுவாக நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதுமானது. வலிப்பு மருந்து வகையைச் சேர்ந்த குளிசைகளை உட்கொள்ளும் பெண்களுக்கு மருத்துவர் 5 மில்லிகிராம் வரை எழுதுவதுண்டு. விற்றால் இலாபம் வரக்கூடிய ஒரு பொருளை, இலவசமாகக் கிடைக்கும் இடத்தைக் காட்டி அனுப்பும் கடைக்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இனி உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் குளிசைகளைப் பெரும்பாலும் எண்ணி, சிறிய கடதாசி உறையிலோ பிளாஸ்ரிக் உறையிலோ போட்டுத் தருகிறார்கள். பல கடைகளில் அந்த உறையின் மேல் காலை, மாலை என்பதற்கு அப்பால் எதுவும் எழுதப்படுவதில்லை. வீட்டு அலுமாரியில் இப்படிப் பெயரில்லாத உறைகள் சேர்ந்துகொண்டே போகும்; தலையிடி உச்சத்தில் இருக்கும்போது, இருட்டறையில், கைக்கு வந்ததைப் பிரித்து விழுங்குவோம். இந்தக் கடையில் ஒவ்வோர் உறையிலும் மருந்தின் பொதுப் பெயர், அதன் கீழே விற்பனைப் பெயர், அளவு, திகதி, ஒரு நாளில் உட்கொள்ளக்கூடிய உச்ச எண்ணிக்கை ஆகிய அனைத்தும் நீல மையில் எழுதப்பட்டிருக்கும். கருப்பவதிக்கு ஆகாத மருந்தாயின் மூலையில் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு குறுக்குக் கோடு இழுத்திருப்பார். என் மாமிக்கு வாசிப்பதற்குக் கண்ணாடி வேண்டும். ஆனால் அந்தச் சிவப்பு வட்டத்தைக் கண்ணாடி இல்லாமலே கண்டுபிடித்து, “இது உமக்கு இல்லைப் பிள்ளை” என்று தனியே எடுத்து வைத்துவிடுவார்.

பொதுப் பெயரை எழுதுவது இந்த நாட்டுக்குப் புதிய சிந்தனை அல்ல. 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே வலியுறுத்தியதே அதுதான். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வழமையாக வாங்கும் குளிசை கிடைக்காமல் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கம்பனியின் குளிசை கைக்கு வந்த காலத்தில், பொதுப் பெயரை அறிந்திருந்தவர்களே குழம்பாமல் இருந்தார்கள். தலையிடிக்காரருக்கு இதில் ஒரு தனிப்பட்ட ஆபத்தும் உண்டு. பனடோல் என்றாலும், தடிமன் காய்ச்சலுக்கான கலவைக் குளிசை என்றாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே பரசிட்டமோல். இரண்டையும் சேர்த்து விழுங்கினால், 24 மணித்தியாலத்துக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை 8 என்ற எல்லை, நாம் அறியாமலே தாண்டிப்போகும்.

வலி நிவாரணிகளைத் தருவதில்தான் இந்தக் கடை ஏனைய கடைகளிலிருந்து மிகவும் விலகி நிற்கிறது. கருப்பவதிக்கு முதலில் தருவது பரசிட்டமோல் மட்டுமே. அதிலும் கஃபீன் கலக்காதது. பனடோல் எக்ஸ்ட்ரா போன்ற குளிசை ஒவ்வொன்றிலும் 65 மில்லிகிராம் கஃபீன் உண்டு. கருப்ப காலத்தில் நாள் முழுவதற்குமான எல்லையே 200 மில்லிகிராம் என்னும்போது, காலையிலும் மாலையிலும் தேத்தண்ணி குடிக்கும் நம் பெண்களுக்கு அந்த எல்லை எளிதில் எட்டிவிடும்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக் போன்றவற்றைக் கேட்டு வரும் பெண்ணிடம் எத்தனையாவது கிழமை என்று அவர் கேட்பார். 20ஆவது கிழமைக்குப் பிறகு இவ்வகைக் குளிசைகள் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது. கடைசி மூன்று மாதங்களில் இவை பிள்ளையின் இதயத்தருகே உள்ள இரத்தக் குழாயொன்றைக் காலத்துக்கு முன்பே மூடச் செய்யலாம். கரு தங்க முயலும் பெண்ணிடமும், இவற்றைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள் என்றே சொல்வார். எர்கோடமைன் கலந்த பழைய மைக்ரேன் குளிசையை, கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் கூட, அவர் அலுமாரியிலிருந்து எடுக்கவே மாட்டார். அது கருப்பையைச் சுருங்கச் செய்து, நச்சுக்கொடிக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பது. அம்மாவின் பழைய பெட்டியில் எஞ்சியிருக்கும் குளிசையை மகள் எடுத்து விழுங்கும் பழக்கம் நம் வீடுகளில் இருப்பதால், இந்த ஒரு மருந்தைப் பற்றி எல்லோருக்கும் சொல்லி வைப்பது நல்லது. பரசிட்டமோலால் அடங்காத மைக்ரேனுக்கு மருத்துவர் சுமாட்ரிப்டான் எழுதினால் தருவார். ட்ரிப்டான் எனப்படும் அந்த மருந்து வகையில் கருப்பவதிகளிடம் மிக நீண்ட காலம் அவதானிக்கப்பட்டது அதுவே, பிறவிக் குறைபாடுகள் அதனால் குறிப்பிடத்தக்க அளவில் கூடியதாகக் காணப்படவில்லை.

இத்துடன் ஒரு சிறிய அட்டையும் உண்டு. மாத நாட்காட்டி அச்சிட்ட அந்த அட்டையில், தலையிடி வந்த நாளுக்கு ஒரு புள்ளியும் குளிசை உட்கொண்ட நாளுக்கு ஒரு வட்டமும் போட வேண்டும். மீண்டும் வாங்க வரும்போது அட்டையைக் காட்டினால்தான் அடுத்த குளிசை. மாதத்தில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட நாட்கள் சாதாரண வலி நிவாரணியோ, 10 அல்லது அதற்கு மேற்பட்ட நாட்கள் ட்ரிப்டான், எர்கோடமைன், கோடீன் கலந்த குளிசைகளோ மூன்று மாதங்களுக்கு மேலாகத் தொடர்ந்தால், மருந்தே தலையிடியை உண்டாக்கத் தொடங்கலாம். இந்த நிலையில் கருவுறும் பெண், குமட்டலும் சத்தியும் நித்திரைக் குறைவும் சேர்ந்த முதல் மூன்று மாதங்களில் மிகவும் அவதிப்படுவாள். அப்போது மருந்தைக் குறைப்பதும் கடினம், கூட்டுவதும் ஆபத்து. கரு தங்குவதற்கு முன்பே வட்டங்களை எண்ணிக் குறைத்துக்கொள்ள அந்த அட்டை எனக்கு உதவியது. என் தலையிடி மாதவிலக்கை அண்டிய நாட்களில் குவிவதையும் அந்தப் புள்ளிகளில்தான் தெளிவாகக் கண்டேன். ஈஸ்ட்ரோஜன் சடுதியாகக் குறைவதே அதற்குக் காரணம்.

விரதத்தைப் பற்றியும் அவர் கேட்பார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பிள்ளை வேண்டிக் கந்தசஷ்டி விரதம் பிடிப்பது எங்கள் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். நீண்ட நேரம் வெறும் வயிற்றில் இருப்பதும், தண்ணீர் குறைவதும், வெக்கையில் கோயில் வீதியில் நிற்பதும் மைக்ரேனைத் தூண்டும் காரணிகளாகப் பெரும்பாலான நோயாளிகள் அறிந்தவை. விரதம் பிடிக்க வேண்டாம் என்று அக்கா ஒருபோதும் சொல்லவில்லை. அவரும் விரதம் பிடிப்பவர்தான். பாலும் பழமும் எடுத்து, நேரத்துக்கு நேரம் தண்ணீரோ இளநீரோ குடித்து, வெயிலுக்கு முன்பே கோயிலுக்குப் போய் வரும்படி சொன்னார். மாமியிடம் இதை நான் எப்படிச் சொல்வது என்று தயங்கியபோது, “மாமியை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் கதைக்கிறன்” என்றார், கதைத்தும் விட்டார். நோயைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லாத நிலையில், உணவு, நித்திரை, தண்ணீர் ஆகிய மூன்றையும் ஒழுங்காக வைத்திருப்பதே கருப்ப காலத்தில் நமக்குள்ள மிகப் பாதுகாப்பான சிகிச்சை. அதற்கு வீட்டாரின் ஒத்துழைப்பு வேண்டும். அதைப் பெற்றுத்தரும் வேலையை ஒரு மருந்தாளர் தம் வேலையாக எடுத்துக்கொண்டது எனக்குப் பேருதவியாக இருந்தது.

கரு தங்கிய பிறகு, பெரும்பாலான பெண்களைப் போலவே, நான்காம் மாதம் தொடங்க எனக்கும் தலையிடி தணிந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்காமல் தொடர்ந்து உயர்ந்த நிலையில் இருப்பதால் மைக்ரேன் உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு கருப்ப காலத்தின் இரண்டாம், மூன்றாம் மும்மாதங்களில் ஆறுதல் கிடைக்கிறது. தலையிடிக்கு முன்னர் கண்ணில் வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் தோன்றும் வகையினருக்கு இந்த ஆறுதல் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. ஆறுதல் கிடைத்த காலத்திலும் நான் அந்தக் கடைக்குப் போய்வந்தேன்; காரணம் அங்கே உள்ள இரத்த அழுத்தக் கருவி.

மைக்ரேன் உள்ள பெண்களுக்குக் கருப்ப காலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து உறுப்புகளைப் பாதிக்கும் முன்சூல்வலிப்பு ஏற்படும் வாய்ப்பு, ஏனையோரை விடச் சற்றுக் கூடுதலாக உள்ளது. அந்த நோயின் ஓர் அறிகுறியும் தலையிடிதான். பழகிய தலையிடிதானே என்று பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவது எங்களைப் போன்றவர்களுக்கு உள்ள தனி ஆபத்து. ஆகவே 20ஆவது கிழமையைத் தாண்டிய பெண் தலையிடி என்று வந்தால், குளிசைக்கு முன் கையில் பட்டையைச் சுற்றுவதே இக்கடையின் வழக்கம். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே வைத்தியசாலை. கண் மங்குதல், நெஞ்சுக்குக் கீழே வயிற்றின் மேற்பகுதியில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், வழக்கத்துக்கு மாறான கடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கைகால் சோர்வு, வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அளவைப் பார்த்துக்கொண்டிராமல் அனுப்பிவிடுவார்.

ஒருநாள் மாலை நான் வாங்கில் இருந்தபோது, ஒரு கணவர் மோட்டார் சைக்கிளை இயங்கிய நிலையிலேயே நிறுத்திவிட்டு வந்து பனடோல் ஒரு கார்ட் கேட்டார். யாருக்கு என்று அக்கா கேட்டார். மனைவிக்கு, எட்டாம் மாதம், காலையிலிருந்து தலையிடி, பார்வை மங்கலாக இருக்கிறது என்றார். எடுத்த கார்டை அக்கா திரும்ப அலுமாரியில் வைத்தார். “தம்பி, இது பனடோலுக்குரிய தலையிடி இல்லை. கர்ப்ப அட்டையை எடுத்துக்கொண்டு இப்பவே அவவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கோ, மோட்டார் சைக்கிளிலை ஏத்தாதேங்கோ, 1990க்கு அடியுங்கோ” என்று சொல்லி, சுவசெரிய அம்புலன்ஸ் எண்ணைத் தாமே அழுத்திக் கொடுத்தார். வரிசையில் நின்ற ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

குறைகளையும் எழுத வேண்டும். முதலாவது, தனிமை இல்லை. பிள்ளைக்கு முயல்வதைப் பற்றியும் கரு கலைந்ததைப் பற்றியும் பேச வேண்டிய மேசைக்கு ஓரடி தூரத்தில் அடுத்தவர் நிற்கிறார். யாழ்ப்பாணம் சிறிய ஊர்; அந்த வரிசையில் ஒரு உறவினரோ அயலவரோ நிற்காத நாள் அரிது. குரலைத் தாழ்த்துவது போதாது, ஒரு மூலையில் திரை ஒன்றாவது வேண்டும். இதை நேரில் சொன்னேன். இடம் போதாது என்றார்கள். மருந்துகள் அடுக்கிய இரண்டாவது அலுமாரியைச் சற்று நகர்த்தினால் இடம் உண்டு என்பது என் கருத்து. இரண்டாவது, மேசைக்கு நேர் மேலே இரண்டு டியூப் லைட்டுகள் கண்ணைக் குத்தும் வெளிச்சத்துடன் எரிகின்றன, அவற்றுள் ஒன்று விட்டு விட்டுத் துடிக்கிறது. வெளிச்சத்தைத் தாங்க முடியாத நோயாளிகள் வரும் இடத்தில் அதை மாற்றாமல் வைத்திருப்பதற்கு விளக்கம் இல்லை.

மூன்றாவது குறையே பெரியது. அக்கா மதிய உணவுக்குப் போகும் நேரத்திலும் அவர் விடுமுறையில் இருக்கும் நாளிலும் அந்தக் கேள்விகள் கேட்கப்படுவதில்லை. ஒரு மதியம், கருவுற்றிருப்பது பார்த்தாலே தெரிந்த ஒரு பெண்ணுக்கு உதவியாளர் இளைஞர் டைக்ளோஃபெனக்கை எண்ணிக் கொடுக்க முற்பட்டார். நான் சொன்ன பிறகே நிறுத்தினார். பதிவுசெய்த மருந்தாளர் கடையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒருவர் இல்லாத வேளையில் யார் பொறுப்பு என்பதைக் கடை உரிமையாளர் தீர்த்து வைக்க வேண்டும். குறைந்தபட்சம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி மேசையின் உட்புறத்தில் ஒட்டலாம். விலையைப் பொறுத்தவரை, அரச ஒசுசல விற்பனை நிலையத்தை விடச் சில குளிசைகள் கூடுதல் விலைதான். அதை நான் பொருட்படுத்தவில்லை; மாத வருமானம் மட்டுமட்டாக உள்ளவர்கள் அங்கே ஆலோசனை பெற்று, குளிசையை ஒசுசலவில் வாங்கலாம். அக்கா அதற்கு முகம் சுளிப்பவர் அல்லர்.

பிள்ளை பிறந்த பிறகு இந்தக் கடையின் தேவை மீண்டும் கூடுகிறது. பிரசவத்தோடு ஈஸ்ட்ரோஜன் சடுதியாக விழுவதாலும் இரவு நித்திரை இல்லாமையாலும் முதல் சில கிழமைகளில் மைக்ரேன் திரும்பி வருவது வழமை. எனக்கும் வந்தது. தாய்ப்பால் கொடுக்கும்போது பரசிட்டமோலும் இபுப்ரோஃபெனும் உட்கொள்ளலாம், ஆஸ்பிரினைத் தவிர்க்க வேண்டும் என்று உறையில் எழுதித் தந்தார். முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன் செய்தவர்களுக்கு, எழுந்து இருந்தால் கூடி, படுத்தால் குறையும் தலையிடி வரக்கூடும். அது மைக்ரேன் அல்ல, வைத்தியசாலைக்குத்தான் தெரிவிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்திய ஆறு கிழமைகளில் இரத்த அழுத்தம் உயர்வதும், மூளையின் நாளங்களில் இரத்தம் உறைவதும் நேரக்கூடியவை என்பதால், புதிய வகைத் தலையிடி எதையும் பத்தியத்தாலும் வேது பிடிப்பதாலும் சமாளிக்க முயல வேண்டாம் என்று என் அம்மாவிடம் உறுதியாகச் சொன்னார். அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விட எண்ணியபோது அவர் கேட்ட கேள்வி, கண்ணில் மின்னல் தெரிகிறதா என்பது. தெரிபவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடைக் குளிசை பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதால் உலக சுகாதார நிறுவனம் அதை அறவே விலக்கியிருக்கிறது. வேறு முறைகளை மிட்வைஃபிடம் கேட்கலாம்.

போக நினைப்பவர்கள் காலையில், கிளினிக் முடிந்தவர்கள் துண்டுகளுடன் வந்து குவிவதற்கு முன்னர் போவது நல்லது. பின்னேரங்களில் வாங்கில் இடம் கிடைக்காது. வீட்டில் கிடக்கும் எல்லா உறைகளையும், பெயரில்லாதவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டில் கொட்டி, அடையாளம் கண்டு, ஆகாதவற்றைப் பிரித்து, மீதிக்குப் புதிய உறையும் எழுதித் தருவார். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. சித்த, ஆயுர்வேத மருந்துகள் ஏதேனும் உட்கொள்கிறீர்கள் என்றால் அந்தப் போத்தல்களையும் கொண்டு செல்லுங்கள். கருவுற்றிருப்பவர்கள் கர்ப்ப அட்டையை மறக்க வேண்டாம். அங்கே பார்த்த இரத்த அழுத்த அளவை, அடுத்த கிளினிக்கில் மருத்துவர் காணும்படி, திகதியுடன் அதனுள் ஒரு துண்டில் எழுதி வைத்துவிடுவார்.